தேங்க்ஸ்கிவிங்குக்கு முழு வான்கோழி: நெஞ்சுக்கறி வறண்டு போகாமல் எப்படிச் சமைப்பது?

கொலம்பஸ் மருமகள் | சனி, காலை

வர்ற வியாழக்கிழமை இங்கே அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை, எங்கள் வீட்டில் பதினோரு பேர் சாப்பாடு. கணவரோடு வேலை பார்க்கும் அமெரிக்க நண்பர்கள் ஐந்து பேர், அவர்கள் இந்த வருடம் சொந்த ஊருக்குப் போக முடியவில்லை. மீதிப் பேர் நாங்கள் இருவர், திண்டுக்கல்லில் இருந்து வந்திருக்கும் மாமனார் மாமியார், பக்கத்து வீட்டுத் தமிழ்த் தம்பதி. 14 பவுண்டு வான்கோழி வாங்கி ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன், அதாவது ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

கோழியும் ஆடும் தினமும் சமைக்கிற கைதான், ஆனால் முழுப் பறவையை ஓவனில் வைப்பது இதுதான் முதல் தடவை. இங்கே நான் சாப்பிட்ட வான்கோழிகளில் பாதிக்கு மேல், தோல் பொன்னிறமாக இருக்கும், நெஞ்சுக்கறியை மட்டும் கிரேவி ஊற்றாமல் விழுங்க முடியாது. உப்புத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்கிறார்கள், பைக்குள் போட்டு வேகவைக்கச் சொல்கிறார்கள், எண்ணெயில் முழுசாகப் பொரிக்கச் சொல்கிறார்கள், எதை எடுப்பது என்றே தெரியவில்லை. ஓவன் ஒன்றுதான். மாமியாருக்குக் காரம் இல்லாமல் கறி இறங்காது, விருந்தாளிகளில் இரண்டு பேர் மிளகுக்கே தண்ணீர் கேட்பார்கள். இரண்டு பக்கமும் திருப்தியாகச் சாப்பிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. நீங்கள் எப்படிச் செய்வீர்கள்?

ராலே அடுப்படி | சனி, மதியம்

முதல் வேலை, இன்றைக்கு ராத்திரியே அந்த வான்கோழியை ஃப்ரீசரில் இருந்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள், அடியில் ஒரு ட்ரே வையுங்கள், கரையும்போது தண்ணீர் சொட்டும். நாலைந்து பவுண்டுக்கு ஒரு நாள் என்பது கணக்கு, உங்கள் 14 பவுண்டுக்கு மூன்றரை நாள் ஆகும். புதன் காலையில் உள்ளே கைவிட்டுப் பார்த்து இன்னும் பனிக்கட்டி தட்டுப்பட்டால் உறையோடு குளிர்ந்த தண்ணீரில் முக்கி வையுங்கள், அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்ற வேண்டும். கிச்சன் மேடையில் இரவு முழுக்க வைத்துக் கரைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இப்போது நெஞ்சுக்கறி ஏன் வறளுது என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் அது புரிந்துவிட்டால் எந்த முறையை எடுப்பது என்பது தானாகவே தெளிவாகிவிடும். ஒரே பறவைக்குள் இரண்டு விதமான கறி இருக்கிறது. நெஞ்சு கொழுப்பில்லாத வெள்ளைக் கறி, 165 டிகிரிக்கு மேல் போகப் போகச் சாறு வெளியேறிவிடும். (நான் சொல்லும் டிகிரி எல்லாம் பாரன்ஹீட், இங்கே ஓவனில் அதுதானே இருக்கிறது.) தொடையும் காலும் நடந்து நடந்து உரமேறிய கறி, நரம்பும் சவ்வும் அதிகம், அது 175, 180 வரை போனால்தான் மெத்தென்று ஆகும். முழுப் பறவையை அப்படியே நிமிர்த்தி வைத்தால் நெஞ்சு மேலே அனல் நேராகப் படும் இடத்தில் இருக்கும், தொடை கீழே மறைவில் இருக்கும். தொடை வேகும்வரை காத்திருந்தால் நெஞ்சு போயிற்று. பாரம்பரிய முறையில் 325 டிகிரியில் நாலு மணி நேரம் வைக்கிறவர்கள் எல்லாரும் இந்தச் சிக்கலோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

அதனால் நான் சொல்வது, முதுகெலும்பை வெட்டி எடுத்துவிட்டுப் பறவையைப் புத்தகம் மாதிரி விரித்துப் போடுங்கள். ஸ்பாட்ச்காக் என்பார்கள். நல்ல கிச்சன் கத்தரிக்கோல் வேண்டும். பறவையைக் குப்புறப் போட்டு வால் பக்கத்தில் இருந்து முதுகெலும்பின் இரண்டு ஓரமும் விலா எலும்புகளை நறுக்கிக்கொண்டே போக வேண்டும், தொடை சேரும் இடத்தில் கொஞ்சம் பலம் போட வேண்டியிருக்கும். அப்புறம் திருப்பிப் போட்டு நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்தினால் 'மடக்'கென்று சத்தம் கேட்கும், பறவை தட்டையாகப் படுத்துவிடும். இப்போது தொடை ஓரத்தில், சூடு நன்றாகப் படும் இடத்தில் இருக்கும், நெஞ்சு நடுவில். 425 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் போல ஆகும். தோல் முழுக்க மேலே பார்த்தபடி இருப்பதால் எல்லா இடமும் மொறுமொறுப்பாகும். ட்ரேயின் அடியில் வெங்காயம், கேரட், செலரி பரப்பி அதன்மேல் கம்பித் தட்டை வைத்து வேகவையுங்கள், இல்லாவிட்டால் சொட்டும் கொழுப்பு கருகி வீடெல்லாம் புகையாகிவிடும்.

உப்பைத் தண்ணீரில் கரைத்து ஊறவைப்பதை விட நேராகத் தடவி வைப்பதுதான் என் கட்சி. பக்கெட்டும் வேண்டாம், ஃபிரிட்ஜில் இடம் தேடவும் வேண்டாம், தோலும் நனையாது. ஐந்து பவுண்டுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் கோஷர் உப்பு (பரல் பரலாக இருக்கும் உப்பு), வீட்டுத் தூள் உப்பு என்றால் அதில் பாதி. நெஞ்சின் தோலுக்கு அடியில் விரலை மெதுவாக விட்டுப் பிரித்துக் கறியின் மேலேயே தடவுங்கள். முதலில் உப்பு நீரை வெளியே இழுக்கும், பிறகு அந்த நீரே உப்போடு சேர்ந்து கறிக்குள் திரும்பப் போகும், அதற்குத்தான் ஒரு நாளாவது வேண்டும் என்பது. மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்தால் தோல் காய்ந்து காகிதம் போல ஆகும், அந்தத் தோல்தான் ஓவனில் பொரியும்.

கையில் தெர்மாமீட்டர் இல்லை என்றால் இன்றே ஒன்று வாங்குங்கள், பதினைந்து இருபது டாலருக்கு நல்லதே கிடைக்கும். வான்கோழியோடு குத்தி வரும் அந்தப் பிளாஸ்டிக் பொத்தானை நம்ப வேண்டாம், அது எழும்பும்போது பெரும்பாலும் நெஞ்சு காய்ந்திருக்கும்.

ஹூஸ்டன் தம்பி | சனி, மாலை

அக்கா, ராலேக்காரர் சொன்னதில் தப்பே இல்லை, ஆனால் எண்ணெயில் பொரித்த வான்கோழியை ஒரு தடவை சாப்பிட்டவர்கள் ஓவன் பக்கம் திரும்ப மாட்டார்கள். இங்கே லூசியானா எல்லை பக்கத்தில் இருப்பதால் அங்கே வாழும் பிரெஞ்சு வம்சாவளிக் கேஜன் ஆட்கள் முறை எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. வெண்ணெய், பூண்டு, கேஜன் மசாலா எல்லாம் உருக்கி வடிகட்டி ஊசியால் கறிக்குள் ஏற்றி, கடலை எண்ணெயை 350 டிகிரிக்குக் காயவைத்து முழுசாக இறக்கினால் பவுண்டுக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான். 12 பவுண்டுப் பறவை முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஓவனும் காலியாக இருக்கும், அதில் மற்றதைச் செய்துகொள்ளலாம்.

ஆனால் சில விஷயங்களில் விளையாடக் கூடாது. பறவைக்குள் துளி ஐஸ் இருந்தாலும் எண்ணெய் பொங்கி அடுப்பில் வழிந்து தீப்பிடிக்கும், வருடா வருடம் டிவியில் காட்டும் தீ எல்லாம் பெரும்பாலும் இதனால்தான். எண்ணெயின் அளவு தெரிய, முதல் நாளே காலிப் பாத்திரத்தில் வான்கோழியை வைத்து அது மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றுங்கள், பறவையை எடுத்த பிறகு தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுதான் எண்ணெயின் கோடு. பாத்திரத்தையும் பறவையையும் ஈரம் போகத் துடைக்க வேண்டும். இறக்கும்போது பர்னரை அணைத்துவிட்டு இறக்கி, பறவை அடங்கிய பிறகு திரும்பப் பற்றவையுங்கள். வெட்டவெளியில், வீட்டை விட்டு நல்ல தூரத்தில் செய்ய வேண்டும். விருந்தாளிகளில் யாருக்காவது கடலை ஒவ்வாமை இருக்கிறதா என்று முன்னாடியே கேட்டுவிடுங்கள். 14 பவுண்டு இதற்குப் பெரிசுதான், 12-க்குள் இருந்தால் நல்லது.

கொலம்பஸ் மருமகள் | சனி, இரவு

இருவருக்கும் நன்றி. வான்கோழியை ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிட்டேன். தம்பி, எங்களுடையது டவுன்ஹவுஸ், பின்னால் ஒரு சின்ன மர டெக்தான், பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியே இருக்கிறது. அதனால் எண்ணெய் முறை எனக்கு ஆகாது, படிக்க மட்டும் ஆசையாக இருந்தது.

இன்னொரு சந்தேகம். உறையின் மேல் சின்ன எழுத்தில், 8 சதவீதம் வரை தண்ணீர், உப்பு, மசாலா கலந்த கரைசல் சேர்க்கப்பட்டது என்று போட்டிருக்கிறது. இதற்கும் மேலே நான் உப்புத் தடவலாமா?

ராலே அடுப்படி | சனி, இரவு

டெக் மேல் பொரிக்கவே கூடாது, நல்ல முடிவு. தீத்தடுப்புச் சங்கமே வீடுகளில் அந்த ஃப்ரையர் வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

உறையைப் படித்துப் பார்த்தது ரொம்ப நல்லது. கடையில் மலிவாக வரும் உறைந்த வான்கோழிகளில் பெரும்பாலானவை இப்படி ஏற்கெனவே உப்புநீர் ஏற்றியவைதான். அதை மறுபடி உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் கறி உப்புக் கரிக்கும், சொட்டும் சாறில் கிரேவி செய்தால் அதை வாயில் வைக்க முடியாது. உங்கள் பறவைக்கு நான் சொன்ன அளவில் பாதி போதும், மொத்தமாக ஒன்றரை டேபிள்ஸ்பூன் கோஷர் உப்பு, அதையும் தோலின் மேலே மட்டும். அதோடு அரை டேபிள்ஸ்பூன் பேக்கிங் பவுடர் கலந்துகொண்டால் தோல் இன்னும் நன்றாகப் பொரியும். பேக்கிங் சோடா இல்லை, பவுடர். கோஷர் உப்பிலும் பிராண்டுக்குப் பிராண்டு கணக்கு வேறு. டைமண்ட் கிரிஸ்டல் லேசானது, மார்ட்டன் அதே ஸ்பூனுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். உங்களிடம் மார்ட்டன் இருந்தால் ஒரு டேபிள்ஸ்பூனோடு நிறுத்துங்கள்.

ஸ்காபரோ அக்கா | ஞாயிறு, காலை

தங்கச்சி, நாங்கள் ரொறன்ரோவில் ஒக்டோபரிலேயே தேங்ஸ்கிவிங்கை முடித்துவிட்டோம், கனடாவில் ஒக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமைதான் அது. வான்கோழி இங்கே நத்தாருக்கும் வரும், அதனால் வருசத்தில் இரண்டு தரம் இந்தப் பாடுதான்.

உங்கட மேசையில் இரண்டு விதமான வாய் இருக்குது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பறவையிலும் இரண்டு விதமான இறைச்சி இருக்குது என்று ராலேக்காரர் எழுதியிருக்கிறார். பிறகு ஏன் ஒரே தட்டில் வைத்து இரண்டையும் ஒன்றாய் அவிக்க வேணும்? கால் இரண்டையும் தொடையோடு மூட்டில் வெட்டி எடுத்துவிடுங்கள். நெஞ்சை எலும்போடு தனியாய் ஓவனில் வையுங்கள், உப்பு, வெண்ணெய், மிளகு, தைம் இலை அவ்வளவும் போதும், அது அந்த ஐந்து பேருக்கும் பழகின சாப்பாடு. 350-இல் ஒன்றரை மணித்தியாலத்தில் இருந்து இரண்டு மணித்தியாலம் பிடிக்கும், அதில் வைத்துத் தெர்மாமீட்டரில் பாருங்கள், தொடைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

தொடையையும் காலையும் துண்டுபோட்டு மாமியாரிடம் கொடுங்கள். நான் வைக்கிற விதம் சொல்கிறேன். வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, பெருஞ்சீரகம் தாளித்து, இஞ்சி உள்ளி அரைத்துப் போட்டு, இறைச்சியைப் போட்டுப் பிரட்டி, எங்கட வறுத்த கறித்தூளும் உப்பும் போட்டு மூடிக் குறைந்த நெருப்பில் விட்டால் அந்த இறைச்சியிலேயே தண்ணி விடும். கோழியை விட இரண்டு மடங்கு நேரம் எடுக்கும், ஒரு மணித்தியாலத்துக்கு மேலே. எலும்பில் இருந்து இறைச்சி கழருகிற பதம் வந்ததும் கெட்டித் தேங்காய்ப்பால் விட்டு ஒரு கொதி, இறக்கிப் போட்டுத் தேசிக்காய்ப்புளி. வான்கோழித் தொடை ஆட்டிறைச்சிக்குக் கிட்டத்தட்ட வரும், கோழிக்கறி என்று நினைத்துச் சமைத்தால்தான் ஏமாற்றம்.

உங்கட பறவையில் உப்புத் தண்ணி ஏற்றியிருக்கிறதால், கறிக்கு உப்பை முதலில் அரைவாசி போட்டுப் பிறகு பார்த்துச் சரிபண்ணுங்கள்.

ஹூஸ்டன் தம்பி | ஞாயிறு, காலை

ஸ்காபரோ அக்கா சொல்வதுதான் இந்த வீட்டுக்குப் பொருத்தம். ஒன்றே ஒன்று, முழுப் பறவையை மேசையில் கொண்டுவந்து வைத்து எல்லார் முன்னாலும் அறுப்பது அமெரிக்கர்களுக்கு ஒரு சடங்கு மாதிரி, அதை எதிர்பார்ப்பார்களோ என்னவோ.

ராலே அடுப்படி | ஞாயிறு, மதியம்

அந்தச் சடங்கை மதிக்கிறேன், ஆனால் அதற்காகக் கறியைக் காயவிட மனசு வராது. நெஞ்சை எலும்போடு முழுசாகத்தானே வேகவைக்கிறார், அதை ஒரு பெரிய பலகையில் வைத்து மேசையில் அறுத்தால் பார்க்கவும் நன்றாகவே இருக்கும். அறுக்கும்போது நெஞ்செலும்பை ஒட்டிக் கத்தியை இறக்கி ஒரு பக்கத்து நெஞ்சை முழுசாகப் பிரித்தெடுங்கள், பிறகு பலகையில் படுக்கவைத்து நாருக்குக் குறுக்கே துண்டு போடுங்கள். எலும்பில் இருக்கும்போதே நீள நீளமாகச் சீவினால் நார் நாராக வாயில் மாட்டும்.

நெல்லிக்குப்பம் டு நாஷ்வில் | திங்கள், காலை

எல்லாரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கழுவுவதைப் பற்றி ஒருத்தரும் சொல்லவில்லையே? எங்கள் வீட்டில் மஞ்சள், உப்பு, வினிகர் போட்டு மூன்று தண்ணீரில் அலசாமல் எந்தக் கறியும் அடுப்பில் ஏறாது. இவ்வளவு பெரிய பறவையை சிங்க்கில் எப்படிக் கழுவுவது? இன்னொன்று, ஐஸ் கரைந்ததும் இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், தயிர் எல்லாம் தோல் மேல் பூசி வேகவைத்தால் காரமும் சேர்ந்துவிடுமே.

லேப் கோட் | திங்கள், மதியம்

உணவுப் பாதுகாப்பு என் வேலை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வான்கோழியைக் கழுவ வேண்டாம். அமெரிக்க விவசாயத்துறை 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பச்சைக் கோழியைக் கழுவியவர்களில் 60 சதவீதம் பேரின் சிங்க்கில் கிருமி இருந்தது, 26 சதவீதம் பேருடைய சாலட் கீரைக்கே அது போயிருந்தது. தண்ணீர் தெறிப்பது நம் கண்ணுக்குத் தெரியாது. ஊரில் சந்தையில் இருந்து இறகும் ரத்தமுமாக வரும் கோழிக்குக் கழுவுவது அவசியம்தான், அந்தப் பழக்கத்தைக் குறை சொல்லவில்லை. இங்கே உறையில் வருவது சுத்தம் செய்து வருவது. உள்ளே ஒரு சின்னப் பொட்டலத்தில் கழுத்தும் ஈரலும் இதயமும் இருக்கும், அதை மறக்காமல் வெளியே எடுத்துவிட்டு உள்ளும் புறமும் பேப்பர் டவலால் ஒற்றி எடுத்தால் போதும். கறிக்கு வெட்டும் தொடைத் துண்டுகளை மஞ்சள் உப்பில் பிரட்டி வைத்துக்கொள்ளுங்கள், மனசுக்கும் திருப்தி, தண்ணீரும் தெறிக்காது.

கிருமியைக் கொல்வது சூடுதான். நெஞ்சின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் தெர்மாமீட்டரைக் குத்தி 165 டிகிரி காட்ட வேண்டும், செல்சியஸில் 74. எலும்போரம் கறி இளஞ்சிவப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், சூடு எட்டியிருந்தால் அது வெந்ததுதான். ஸ்டஃபிங்கை, அதாவது ரொட்டித் துண்டுக் கலவையை, பறவைக்குள் அடைக்காமல் தனிப் பாத்திரத்தில் வேகவையுங்கள். உள்ளே அடைத்தால் அதன் நடுப்பகுதியும் 165 வரும்வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் நெஞ்சுக்கறி எங்கேயோ போய்விடும்.

தயிர் மசாலா தோல் மேல் பூசினால் சுவை வரும், ஆனால் தோல் மொறுமொறுப்பாகாது, சூடு அதிகமானால் இஞ்சி பூண்டும் மிளகாய்த்தூளும் வெளியே கருகிக் கசக்கும். மசாலாதான் வேண்டும் என்றால் வெண்ணெயில் குழைத்துத் தோலுக்கு அடியில் தடவுங்கள்.

வான்கோழி விற்கும் பட்டர்பால் கம்பெனி 1981 முதல் பண்டிகைக் காலத்தில் வான்கோழிச் சந்தேகங்களுக்காகவே ஒரு ஃபோன் லைன் நடத்துகிறது, அன்றைக்குக் காலையில் பதற்றமாக இருந்தால் கூப்பிட்டுக் கேட்கலாம்.

கொலம்பஸ் மருமகள் | திங்கள், இரவு

முடிவு எடுத்துவிட்டேன். நெஞ்சு ஓவனுக்கு, தொடையும் காலும் மாமியாரின் அடுப்புக்கு. அத்தையிடம் சொன்னதும், அவர் திண்டுக்கல் பக்குவத்தில் மிளகும் சீரகமும் தூக்கலாகப் போட்டுச் சீரகச்சம்பா சோற்றோடு என்று திட்டம் போட ஆரம்பித்துவிட்டார், ஸ்காபரோ அக்காவின் தேங்காய்ப்பால் முறையை நான் இன்னொரு நாள் செய்கிறேன். தெர்மாமீட்டரும் வாங்கியாயிற்று. கேள்வி ஒன்றுதான் பாக்கி: முதுகெலும்பு, கழுத்து, இறக்கை நுனி எல்லாம் மிஞ்சுமே, அதையும் மறுநாள் மிஞ்சும் கறியையும் என்ன செய்வது?

சீரகச்சம்பா பாய் | செவ்வாய், காலை

தூக்கிப் போட்டுவிடாதீங்க தங்கச்சி, அதில்தான் பாதி ருசி இருக்கு. நாளைக்குப் பறவையை வெட்டும்போதே முதுகெலும்பு, கழுத்து, இறக்கை நுனி மூன்றையும் ஓவனில் நன்றாகச் சிவக்க வறுத்து, வெங்காயம், பத்துப் பன்னிரண்டு மிளகு, ஒரு பிரிஞ்சி இலை போட்டு மூன்று மணி நேரம் சிறு தீயில் கொதிக்கவிட்டு வடிகட்டி வையுங்கள். உப்பு போட வேண்டாம். வியாழக்கிழமை வெண்ணெயில் மைதாவை வறுத்து இந்தச் சாற்றை ஊற்றிக் கிளறினால் கிரேவி அரைமணியில் தயார், ட்ரேயில் சொட்டியதைக் கடைசியில் ருசி பார்த்துப் பார்த்துச் சேருங்கள். ஈரலை இந்தச் சாற்றில் போடாதீர்கள், கசக்கும், அதை மிளகு போட்டுத் தனியாக வறுத்துப் பெரியவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஓவனில் இருந்து எடுத்த நெஞ்சை உடனே அறுக்காமல் இருபது நிமிடமாவது விடுங்கள், அந்த நேரத்தில் ஸ்டஃபிங் ஓவனுக்குள் போகட்டும்.

மிஞ்சின கறியை இரண்டு மணி நேரத்துக்குள் எலும்பில் இருந்து பிரித்து ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும், மூன்று நாலு நாளைக்குள் தீர்த்துவிடுங்கள். நாங்கள் வழக்கமாக ஹலால் கடையில் முன்கூட்டியே சொல்லி வாங்குகிற பறவையில் மறுநாள் பிரியாணிதான். ஆனால் வெந்த நெஞ்சுக்கறியை மசாலாவில் போட்டுக் கொதிக்கவைத்தால் நார் நாராகிவிடும். பிரியாணி மசாலாவை எலும்புச் சாறு ஊற்றித் தனியாக ஆக்கி, அரிசி முக்கால் வேக்காடு வந்து தம் போடும் நேரத்தில் கறியை மேலே பரப்பி, இரண்டு ஸ்பூன் நெய்யும் கொஞ்சம் சாறும் தெளித்து மூடுங்கள். பதினைந்து நிமிடத் தம்மில் கறி சூடேறினால் போதும், அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. சூடு ஏறியதா என்று அந்தத் தெர்மாமீட்டரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், மிஞ்சின கறிக்கும் அதே 165-தான்.